லடாக் லேல தக்காளி பூக்குது, கொட்டுது, காய் மட்டும் பிடிக்கவே மாட்டேங்குது

துவாரகா_பால்கனி | ஜூலை 9

எல்லாருக்கும் வணக்கம். டெல்லி துவாரகாவுல அஞ்சு வருஷமா பால்கனில தோட்டம் போடறவ நான், அப்பப்ப இங்க போட்டோ போடுவேன், சிலருக்கு ஞாபகம் இருக்கும் (சுரைக்காய் கொடி கீழ் வீட்டு ஏசி மேல ஏறி சண்டை ஆச்சே, அதே ஆள்தான்). வீட்டுக்காரருக்கு லே போஸ்டிங். பையன் ஹாஸ்டல் போயிட்டான், அதனால இந்த தடவை நான் மே கடைசிலயே இங்க வந்துட்டேன், செப்டம்பர் வரைக்கும் இங்கதான்.

குவார்ட்டர்ஸ் பின்னாடி இருபதுக்கு பன்னெண்டு அடி இடம். மண்ணுன்னு சொல்றேன், ஆனா பாதி கல்லு, மீதி மணல். முதல் வாரம் பூரா கல்லு பொறுக்கினதுதான் வேலை, அதுவும் இந்த உயரத்துல நாலு தடவை மண்வெட்டி போட்டா மூச்சு வாங்குது, உக்காந்துடுவேன். பக்கத்துல ஆடு வெச்சிருக்கிறவங்ககிட்ட ரெண்டு மூட்டை எரு வாங்கிப் போட்டேன்.

தக்காளி பனீரி (நாத்து) டெல்லிலயே ஏப்ரல்ல போட்டு, பேப்பர் கப்புல 18 செடி, ஷூ டப்பாவுல வெச்சு கைல எடுத்துட்டு வந்தேன், செக்யூரிட்டில டப்பாவ திறந்து பார்த்துட்டு அந்த பையன் சிரிச்சுட்டான். இங்க நட்டு மூணாவது நாளே இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா தீஞ்ச மாதிரி ஆயிடுச்சு. ஏழு செடி போச்சு. மீதி பதினொண்ணு பிழைச்சு இப்ப ரெண்டடி உயரம், கொத்து கொத்தா பூ, ஆனா காலைல போய் பார்த்தா பூ காம்போட கீழ கிடக்கு. ஒரு மாசமா இதே கதை.

மத்ததெல்லாம் நல்லா இருக்கு, அதையும் சொல்லணும்ல. பாலக் வெட்ட வெட்ட வருது, முள்ளங்கி ஒரு ரவுண்டு முடிஞ்சுது, பட்டாணி கம்பிய தாண்டிடுச்சு, காஸ்மாஸ் பூச்செடி இடுப்பு உயரம். கொத்தமல்லி மட்டும் ஒரு சாண் வளர்ந்ததும் பூ விட்டுடுச்சு. கத்திரி நாலு இலையோட மே மாசத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே நிக்குது. வெண்டை ரெண்டு தடவை போட்டேன், முதல் தடவை முளைக்கல, ரெண்டாவது தடவை முளைச்சு ஒரு இஞ்சுல நின்னு போச்சு. வாசல்ல ஒரு ரோஜா இருக்கு, புது இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

தக்காளிக்கு என்ன பண்ணலாம்? கத்திரி வெண்டைய இன்னும் நம்பலாமா? ஒரு தடவையாவது நம்ம கைல விளைஞ்ச கத்திரிக்காய்ல எண்ணெய் கத்திரிக்காய் பண்ணணும்னு ஆசை.

மயூர்விஹார்_மொட்டைமாடி | ஜூலை 9

மேடம், பூ கொட்டினா ஹீட்தான் காரணம், வேற ஒண்ணும் இல்ல. என் மாடில மே மாசம் 44 டிகிரில இதேதான். ஐம்பது பர்சன்ட் கிரீன் நெட் கட்டுங்க, சாயங்காலம் நல்லா தண்ணி விடுங்க, போரான் ஒரு ஸ்ப்ரே அடிங்க. பத்து நாள்ல காய் நிக்கும்.

ஆர்கேபுரம்_ரிட்டயர்டு | ஜூலை 10

மயூர்விஹார் சார் கோச்சுக்காதீங்க, டெல்லிக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, ஆனா லேல அத செஞ்சா இருக்கிற பதினொண்ணும் போயிடும். ஏம்மா, கிரீன் நெட்டும் கட்டாதீங்க, சாயங்காலம் தண்ணியும் விடாதீங்க.

நான் ரெண்டு போஸ்டிங்ல மொத்தம் அஞ்சு சம்மர் லேல இருந்தவன். முதல் சம்மர் உங்கள மாதிரிதான் திண்டாடினேன், ரெண்டாவது சம்மர்லதான் ஒரு விஷயம் புரிஞ்சுது, அது புரிஞ்சதும் மீதியெல்லாம் தானா புரிஞ்சுது. லேயோட ஜூலைங்கறது நம்ம டெல்லியோட பிப்ரவரி. அவ்வளவுதான். பகல்ல 25, ராத்திரி 10, ரெண்டு ஊர் கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. இப்ப நீங்களே யோசிங்க, டெல்லில பிப்ரவரில உங்க பால்கனில என்ன நல்லா இருக்கும்? பாலக், மேத்தி, பட்டாணி, முட்டைகோஸ், காலிபிளவர், நூல்கோல், கேரட், ஷல்கம் (டர்னிப்). லேல ஜூலைல அதேதான் கொழிக்கும், நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க. அதே பிப்ரவரில டெல்லில வெண்டை விதை போட்டா முளைக்குமா? மார்ச்சுக்கு காத்திருப்போம்ல. லேக்கு மார்ச் வரவே வராது, பிப்ரவரி முடிஞ்சதும் நேரா டிசம்பர்தான்.

தக்காளியும் அப்படித்தான். டெல்லில நவம்பர்ல நட்ட செடி ஜனவரி பூரா பூக்கும், பூ கொட்டும், பிப்ரவரி கடைசி ஆனாத்தான் காய் நிக்க ஆரம்பிக்கும். காரணம் ராத்திரி குளிர். ராத்திரி 12, 13 டிகிரிக்கு கீழ போனா மகரந்தம் சரியா வேலை செய்யாது, பூ உதிர்ந்துடும். ஜூன்ல டெல்லில ராத்திரியே 28, 30ல நிக்கும், அப்பவும் மகரந்தம் கெட்டுப் போய் அதே மாதிரி உதிரும். பார்க்க ஒரே வியாதி, மருந்து நேர் எதிர். மயூர்விஹார் சார் பகல் வெயில பார்த்தார், லேல பகல் பிரச்சனையே இல்ல, ராத்திரிதான் எதிரி.

இலை வெள்ளையானது வேற சமாச்சாரம். 3500 மீட்டர் உயரத்துல காத்து மெல்லிசு, யூவி நேரா இறங்கும். டெல்லி பால்கனி நிழல்ல வளர்ந்த பனீரிய திடீர்னு வெளில வெச்சா தாங்காது. தினம் ஒரு மணி, ரெண்டு மணின்னு வெயில் காட்டி பத்து நாள் கழிச்சு நடணும். நம்ம மூஞ்சியே ரெண்டு நாள்ல உரிஞ்சு போகுது, அது பாவம் நாலு இலை.

இப்ப செய்ய வேண்டியது. மினிமம் மேக்ஸிமம் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி செடி உயரத்துல மாட்டுங்க, வீட்டு வராண்டால மாட்டாதீங்க. தெற்கு பார்த்த சுவர் இருந்தா அதை ஒட்டி இருக்கிற செடிகள மட்டும் காப்பாத்தப் பாருங்க, பகல் பூரா சூடு குடிச்ச சுவர் ராத்திரி அத திருப்பித் தரும். ஜெரிக்கேன் அங்க எங்க பார்த்தாலும் கிடக்கும், அஞ்சாறு எடுத்து நல்லா கழுவி, கறுப்பு பெயிண்ட் அடிச்சு, தண்ணி ரொப்பி செடி வரிசைக்கு பின்னாடி நெருக்கமா நிக்க வைங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாலித்தீன் போர்த்துங்க, வில்லோ குச்சிய வளைச்சு நட்டா அதுதான் கூடாரம்.

காலைல எட்டரை ஒன்பதுக்குள்ள பாலித்தீன கட்டாயம் திறக்கணும், கட்டாயம்னா கட்டாயம். நான் ஒரு நாள் ஆபீஸ் அவசரத்துல மறந்து போய், மதியம் சாப்பிட வந்து திறந்தா குப்புனு தக்காளி ரசம் வாசனை, இலையெல்லாம் வெந்து தொங்குது. அன்னிக்கு மத்தியானம் நான் சாப்பிடல. வெளில 24 டிகிரிதான், பாலித்தீனுக்குள்ள எவ்வளவு ஏறும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

தண்ணி காலைல விடுங்க, அதுவும் டிரம்முல புடிச்சு வெச்சு வெயில்ல கொஞ்சம் சூடேறின தண்ணி. பனி உருகி வர தண்ணிய நேரா வேர்ல ஊத்தினா செடிக்கு ஜுரம் வந்த மாதிரி ஆயிடும். பதினோரு மணி வாக்குல பூங்கொத்த விரலால லேசா சுண்டி விடுங்க.

கத்திரி, வெண்டை இந்த வருஷம் மறந்துடுங்க. வெளில வராது. அங்க லோக்கல் ஆட்கள் கட்டற கிரீன்ஹவுஸ் பார்த்தீங்களா, கிழக்கு மேற்கா நீளமா, மூணு பக்கம் மண் சுவர், தெற்கு பக்கம் மட்டும் பாலித்தீன், வடக்கு சுவர் ரெட்டையா கட்டி நடுவுல வைக்கோல் திணிச்சு, உள்பக்கம் கறுப்பு பூசி. அதுக்குள்ளன்னா கத்திரி வரும். மைனஸ் பதினஞ்சு இருபது போற ஜனவரிலயே அதுக்குள்ள பாலக் பறிப்பாங்க. செலவு இல்லாம வேணும்னா மூணடி ஆழத்துக்கு பள்ளம் வெட்டி மேல பாலித்தீன் மூடறது உண்டு, டிரென்ச்சுனு சொல்வாங்க. ராணுவ ஆராய்ச்சி அமைப்பு டிஆர்டிஓவோட டிஹார் ஆராய்ச்சி நிலையம் லேலயே இருக்கு, இந்த மாதிரி கிரீன்ஹவுஸ், டிரென்ச் வேலையெல்லாம் வருஷக்கணக்கா பண்ணிட்டிருக்காங்க, விசாரிச்சுப் பாருங்க.

மயூர்விஹார்_மொட்டைமாடி | ஜூலை 10

சார், கிரீன் நெட் வாபஸ் 😄 பிப்ரவரி கணக்கு எனக்கு தோணவே இல்ல.

ரோஜாவுக்கு மட்டும் நான் சொல்றது தப்பாகாது, என் மாடிலயும் உப்புத் தண்ணியால அதே நோய் வந்துருக்கு. புது இலை மஞ்சள், நரம்பு பச்சைன்னா இரும்புச் சத்து ஏறல. மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா மண் காரமா (அல்கலைனா) இருந்தா வேரால எடுக்க முடியாது, லடாக் மண்ணு காரம்தான். அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு அஞ்சு கிராம், கூட எலுமிச்சம்பழச் சாறு கொஞ்சம், சாயங்காலம் வெயில் இறங்கினதும் இலைல தெளிங்க, பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. சுவர்ல படாம தெளிங்க, கறை போகாது, வீட்டு ஓனர்கிட்ட நான் வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. ஆனா நிரந்தரத்துக்கு எருதான், ஸ்ப்ரே எல்லாம் சும்மா தள்ளிப் போடறதுக்கு.

கரோல்பாக்_மாமி | ஜூலை 11

எழுபத்தி நாலுலேர்ந்து டெல்லில செடி வெச்சிண்டிருக்கேன், ஆர்கேபுரம் சொன்னது அப்படியே வாஸ்தவம், ஜனவரி தக்காளிப் பூவ நம்பி யாரும் ரசம் வெச்சதில்ல.

கொத்தமல்லி பூத்துடுத்துன்னா கிள்ளிண்டு உக்காராதே, விதைக்கு விட்டுடு. ஜூன்ல பகல் நீளம், அதான் அதுக்கு அவசரம். ஜூலை கடைசில இன்னொரு பாத்தி போடு, தனியாவ ரெண்டா உடைச்சு, சுவரோட நிழல் மத்தியானம் விழற இடமா பார்த்துப் போடு, இலை நெறய வரும்.

அங்க ஷல்கம் நன்னா கிடைக்குமே, அத சாம்பார்ல போட்டுப் பாத்தியோ? தோல சீவி பெரிய துண்டா, புளி கொஞ்சம் தூக்கலா. பருப்பு வேகறதுக்குத்தான் அந்த ஊர்ல பிராணன் போகும், குக்கர் இல்லாம ஒண்ணும் நடக்காது. கறிவேப்பிலை ஒரு தொட்டி எடுத்துண்டு போனயோ? போயிருந்தா ஆத்துக்குள்ளேயே தெற்கு ஜன்னல்ல வை, வெளில வெச்சா எங்காத்து செடி ஜனவரில நிக்கற மாதிரி மொட்டையா நிக்கும்.

பூ சமாச்சாரம் நீ அவ்வளவா எழுதலையே. லேல ஹாலிஹாக் ஆள் உயரத்துக்கு நிக்கும்னு என் நாத்தனார் பொண்ணு சொல்லுவா. இங்க செப்டம்பர் அக்டோபர்ல விதைச்சு பிப்ரவரி மார்ச்சுல பூக்கும், ஏப்ரல் காத்து அடிச்சா முடிஞ்சுது. போன வருஷம் ஒரு நர்சரில ரெட்டை அடுக்கு ரோஸ் கலர்னு பாக்கெட் வாங்கினேன், வந்ததெல்லாம் ஒத்தை அடுக்கு வெள்ளை. எனக்கு அங்கேர்ந்து விதை வேணும்.

சாகேத்_சோம்பேறி | ஜூலை 12

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சந்தேகம். வருஷத்துக்கே சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை பெய்யற ஊர், நம்ம டெல்லில ஜூலை ஒரு மாசத்துலயே அத விட ஜாஸ்தி பெய்யும். அங்க போய் தக்காளிக்கு தண்ணி ஊத்தறது சரியா? மெயின் பஜார்ல லடாக்கி அம்மாக்கள் ரோட்டோரம் உக்காந்து பாலக், கேரட், ஷல்கம், ஆப்ரிகாட்னு வித்துட்டு இருப்பாங்களே, அவங்ககிட்ட வாங்கினா அவங்களுக்கும் வருமானம். நான் டிரிப் போனப்ப தினம் வாங்கினேன்.

துவாரகா_பால்கனி | ஜூலை 12

தப்பா எடுத்துக்கல தம்பி, எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. வாரத்துல மூணு நாள் அந்த அம்மாக்கள்கிட்டதான் காய் வாங்கறேன். இங்க டேங்கர் தண்ணி, அதனால அரிசி களைஞ்சது, காய் கழுவினது, ஒரு பக்கெட்ல சேர்த்து வெச்சு அதான் செடிக்கு. மண்ணு தெரியாம வைக்கோல் பரப்பி வெச்சிருக்கேன், அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஊத்தினா போதுது. முன்னாடி தினம் ஊத்தினேன்.

ஆர்கேபுரம்_ரிட்டயர்டு | ஜூலை 13

சாகேத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அங்க கிராமத்துல பனி உருகி வர ஓடைத் தண்ணிதான் வயலுக்கு, வாய்க்கால்ல யாருக்கு எப்ப தண்ணின்னு முறை வெச்சு விடறதுக்குன்னே ஊர்ல ஒருத்தர நியமிப்பாங்க, சுர்போன்னு பேரு. ஏப்ரல் மே விதைப்பு சமயத்துலதான் தட்டுப்பாடு ஜாஸ்தி, மேல பனி உருகி தண்ணி வர லேட் ஆகும். லடாக் இன்ஜினியர் சோனம் வாங்சுக் ஐஸ் ஸ்தூபா பண்ணினதே அதுக்குத்தான், குளிர்காலத்து தண்ணிய கூம்பு மாதிரி உறைய வெச்சு வசந்தத்துல மெதுவா உருக விடறது. சமையல்கட்டு தண்ணில பதினோரு செடி வளர்க்கறதுல பாவம் ஒண்ணும் இல்லன்னு என் அபிப்பிராயம். புல்லுத்தரை போடறவங்கள கேட்கணும் இந்த கேள்விய.

துவாரகா_பால்கனி | ஜூலை 17

தெர்மாமீட்டர் வந்தாச்சு. சார் சொன்னது அப்படியே. ஆறு ராத்திரி பார்த்ததுல குறைஞ்சது ஏழரை, அதிகபட்சம் பதினொண்ணு. இது தெரியாம நான் ஒரு மாசமா செடிக்கு பூச்சி இருக்கானு லென்ஸ் வெச்சு தேடிட்டு இருந்தேன்.

ஆறு ஜெரிக்கேன் கறுப்பு அடிச்சாச்சு. வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துட்டு, தண்ணிக்கு எதுக்கு பெயிண்டுன்னு கேட்டார், சாயங்காலம் கைய வெச்சுப் பார்க்க சொன்னேன், குளிக்கற சூடு இருந்துச்சு, அப்புறம் அவரே இன்னும் ரெண்டு கொண்டு வந்து வெச்சார். சுவரோரம் இருக்கிற அஞ்சு செடிக்கு மட்டும் கூடாரம், மீதி ஆறு வெளில அப்படியே, வித்தியாசம் பார்க்கலாம்னு. நேத்து ராத்திரி வெளில 9, கூடாரத்துல 13.

துவாரகா_பால்கனி | ஆகஸ்ட் 6

காய்!!! கூடாரத்து அஞ்சு செடில பதினாலு காய், கோலிகுண்டு சைஸ். வெளில இருக்கிற ஆறுல ரெண்டே ரெண்டு. எண்ணி எண்ணிப் பார்த்து வீட்டுக்காரருக்கு போர் அடிச்சிடுச்சு.

பட்டாணி பத்தி சொல்லியே ஆகணும். குருமாவுக்குன்னு பறிக்கப் போவேன், சமையல்கட்டு வரைக்கும் எதுவுமே வந்து சேராது, அவ்வளவு தித்திப்பு. டெல்லில ஜனவரில வாங்கற பட்டாணி ரெண்டு நாள் லாரில வந்தது, இது பறிச்சு ரெண்டு நிமிஷம், ஒருவேளை அதான் காரணமோ, ராத்திரி குளிரோ தெரியல.

பக்கத்து வீட்டு லடாக்கி அம்மா, எனக்கு ஜூலேக்கு (அவங்க வணக்கம்) மேல பாஷை தெரியாது, அவங்களுக்கு ஹிந்தி பாதி, ஆனா தோட்டத்துல நின்னா ஒரு மணி நேரம் பேசறோம். முள்ளங்கி விதை ஒரு பிடி கொடுத்தாங்க, லாபுக்னு பேரு, குளிர்காலத்துக்கு குழி வெட்டி மண்ணுக்குள்ள வெச்சு மாசக்கணக்கா சாப்பிடுவாங்களாம். அவங்க மாடில ஷல்கம் இலை கயிறு கயிறா காயுது, நம்ம வீட்டுல வத்தல் காய வைக்கிற மாதிரி, காக்கா விரட்ட ஆள் வைக்கிறதும் அதேதான்.

மாமி, பூ கேட்டீங்கள்ல. காஸ்மாஸ் இப்ப என் தோள் உயரம். காலைல ஏழு மணிக்கு போனா ஒவ்வொரு பூவுலயும் ஒரு குண்டு வண்டு, உடம்பெல்லாம் முடி, அசையாம தூங்கிட்டு இருக்கு. தொட்டாக் கூட ஒரு கால மட்டும் தூக்கி வேண்டாம்னு காட்டுது. வெயில் அந்த பூ மேல பட்டு அஞ்சு நிமிஷம் ஆனதும் உடம்ப உதறிட்டு நேரா தக்காளிக்கு போகுது. அதுக்கப்புறம் நான் பூவ சுண்டறத விட்டுட்டேன், அது என்ன விட நல்லா பண்ணுது. ரோஜா அன்னபேதிக்கு பச்சையாயிடுச்சு, மயூர்விஹார் சாருக்கு நன்றி, சுவர்ல ஒரு சொட்டு பட்டுடுச்சு.

ஆர்கேபுரம்_ரிட்டயர்டு | ஆகஸ்ட் 7

சந்தோஷம்மா. இப்ப மனச கல்லாக்கிட்டு ஒண்ணு பண்ணுங்க, தக்காளி நுனியெல்லாம் கிள்ளிடுங்க, இனிமே வர பூவெல்லாம் வீண். காய் பிடிச்சு பழுக்க ஒன்றரை மாசம் ஆகும், செப்டம்பர் பாதிக்கு மேல எந்த ராத்திரியும் உறைபனி இறங்கலாம். செடியோட தெம்பு இருக்கிற காய்க்குப் போகட்டும்.

துவாரகா_பால்கனி | செப்டம்பர் 18

முதல் பழம் செப்டம்பர் 3. எலுமிச்சம்பழத்த விட கொஞ்சம் பெருசு. ரெண்டா வெட்டி உப்பு தொட்டு ஆளுக்குப் பாதி. இன்னிக்கு வரைக்கும் பழுத்தது ஒரு கிலோ முக்கால், தராசுல போட்டேன். நேத்து ராத்திரி வெளில ஒண்ணு, கூடாரத்துல அஞ்சு. இனிமே ரிஸ்க் வேண்டாம்னு இன்னிக்கு மொத்தத்தையும் பறிச்சுட்டேன், பச்சைக் காய் ரெண்டு கிலோ. பாதிய பேப்பர்ல சுத்தி அட்டை டப்பாவுல வெச்சிருக்கேன், பாதி துவையல், உளுத்தம்பருப்பு வறுத்து காஞ்ச மிளகாய் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சு. கத்திரி செடிய பிடுங்கும்போது எண்ணினேன், ஆறு இலை. மே மாசம் நாலு.

24ஆம் தேதி டெல்லி வரேன். மாமி, ஹாலிஹாக் விதை நிறைய இருக்கு, பக்கத்து வீட்டு அம்மா வீட்டுல மெரூன், ரோஸ், மஞ்சள் மூணு கலர், ஆனா ரெட்டை அடுக்கு மஞ்சள் மட்டும்தான். சரியா காயாத விதைய பிளாஸ்டிக் கவர்ல போட்டா பூஞ்சை பிடிச்சிடும்னு பழைய கல்யாணப் பத்திரிக்கை கவர்ல போட்டிருக்கேன்.

கரோல்பாக்_மாமி | செப்டம்பர் 18

மூணு கலரும் கொண்டா. நவராத்திரிக்கு கொலு பார்க்க வா, சுண்டல் கட்டித் தரேன். தொட்டி மண்ணு கலந்து வெச்சாச்சு, வந்த அன்னிக்கே விதைச்சுடுவேன், செப்டம்பர் தாண்டினா நேக்கு பிப்ரவரில பூக்காது.

சாகேத்_சோம்பேறி | செப்டம்பர் 19

அக்கா அந்த பட்டாணில விதைக்கு ஒரு பிடி விட்டீங்களா, இல்ல எல்லாத்தையும் நின்னுட்டே சாப்பிட்டாச்சா? எங்க வீட்டுல ஒரு பால்கனி சும்மாதான் கிடக்கு.

துவாரகா_பால்கனி | செப்டம்பர் 19

முப்பது விதை இருக்கு. பதினஞ்சு உனக்கு, பதினஞ்சு ஆர்கேபுரம் சாருக்கு. அக்டோபர்ல போடு, மறக்காம கம்பி கட்டு, கீழ் வீட்டு ஏசி எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல பார்த்துக்கோ.